38 மைக்ரான் வேலை: கணபதியில் ஒரு லேத் பட்டறை

கோயம்புத்தூர் சத்தி சாலையில் கணபதியைத் தாண்டும்போது, இரண்டு பக்கமும் பிரிகிற சந்துகளில் பட்டறைகள் தொடங்கிவிடும். அப்படி ஒரு சந்தின் நடுவில், வேப்ப மரத்தடியில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு தகரக் கூரைப் பட்டறை இருக்கிறது. உள்ளே இரண்டு லேத்கள், ஓர் உருளை கிரைண்டர், ஒரு பெஞ்ச் டிரில், ஓர் ஆர்பர் பிரஸ், மூலையில் துணி போர்த்திய சமதளக் கல் மேசை. பெயர் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற ஜாப் ஒர்க்கையே முடிக்க நேரம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதனால் பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன். இந்த வேலை எழுதப்பட வேண்டியது.

வேலை இதுதான்: கைத்துப்பாக்கியின் ஈயக் குண்டைத் தன் துளை வழியாகத் தள்ளி அளவுக்கு இறுக்குகிற, 9.042 மில்லிமீட்டர் துளை உள்ள கடினப்படுத்திய எஃகு டை ஒன்றை 9.080 மில்லிமீட்டராகத் திறக்க வேண்டும். துளை வட்டமாகவும் நேராகவும் கண்ணாடி போன்ற பளபளப்போடும் இருக்க வேண்டும். கூடுதல் 38 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு, குண்டைப் பதிப்பதற்காகத் தோட்டாக் கூட்டின் வாயை விரிக்கிற எக்ஸ்பேண்டர் பின் ஒன்றும் புதிதாகக் கடைந்து தர வேண்டும். டைக்கு 600 ரூபாய், பின்னுக்கு 850 ரூபாய் கொடுத்தேன். வேலைக்கு முழு மதிப்பெண். மற்றவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் பம்புசெட் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் இருந்தவன். முதல் பாதி வார்ப்படப் பிரிவில், இரண்டாம் பாதி தர ஆய்வு அறையில். இப்போது சிங்காநல்லூரில் ஓய்வாக இருக்கிறேன். துப்பாக்கி எனக்குத் தொழிலும் அல்ல, பொழுதுபோக்கும் அல்ல. என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். வார இறுதிகளில் சுடுதளத்துக்குப் போய்க் காகித இலக்குகளைச் சுடுவது அவனுக்குப் பிடித்த விளையாட்டு. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. அங்கே சட்டப்படி தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்கிறான், ஈயக் குண்டுகளையும் தானே வார்த்துக்கொள்கிறான். இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் இங்கே தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவன் கொண்டுவந்தது டையும் பழைய பின்னும் மட்டுமே. குண்டோ, அதைப் பதிக்கிற பித்தளைக் கூடோ ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் கூடாது என்று நான் முன்பே தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அவனுடைய தொல்லை தீபாவளிக்கு முன்பே தொடங்கியது. “மாமா, ஐம்பது முறை சுட்டால் போதும், குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்கிறது. முதல் பத்துக் குண்டுகள் ஒரே இடத்தில் விழுகின்றன. அதற்குப் பிறகு தோசைக்கல் அகலத்துக்குச் சிதறுகின்றன” என்றான். படம் அனுப்பினான். குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம். தோட்டா அறை முடிந்து சுழல் பள்ளங்கள் தொடங்குகிற இடத்திலேயே சாம்பல் நிறத்தில் ஈயம் தகடு தகடாக ஒட்டியிருந்தது. வாய்ப்பக்கம் சுத்தமாக இருந்தது.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் கசிவு தெரியும். பம்பில் சுழல்கிற இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கிற வேரிங் ரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி கொஞ்சம் கூடினால் தண்ணீர் அந்த வழியாகப் பின்னோக்கிப் பாயும். பாயப் பாய இடத்தை அரித்து இன்னும் பெரிதாக்கும். துப்பாக்கிக் குழலில் நடப்பதும் அதேதான், வேகம்தான் வேறு. வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு. 9 மில்லிமீட்டர் லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கிற உச்ச அழுத்தம் 35,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில், வெடிமருந்து எரிந்த சூட்டில் இருக்கிற வாயுவுக்கு, குண்டின் பக்கவாட்டில் இழை அளவு சந்து கிடைத்தால் போதும். ஈயத்தின் ஓரத்தை அறுத்து, தூளாக்கி, முன்னால் இருக்கிற எஃகின் மேல் தெளித்துவிடும். அடுத்த குண்டு அதன் மேல் ஏறி, இஸ்திரி போட்டதுபோல் அழுத்தி ஒட்டவைத்துவிடும். அதற்கடுத்தது அதன் மேல் இன்னொரு அடுக்கு.

ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். தோட்டா அறைக்குப் பக்கத்திலேயே தொடங்கினால் குண்டு குழலுக்குச் சிறியது, வாயு பக்கவாட்டில் தப்புகிறது. பின்பகுதி சுத்தமாக இருந்து வாய்ப்பக்கத்தில் மட்டும் ஒட்டினால் மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது. முழு நீளத்துக்கும் ஒட்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட தவறு இருக்கிறது, அப்போதும் அளவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாப்பிள்ளையின் படம் முதல் வகை. நான் பார்த்தவுடன் சொன்னேன். அவன் நம்பவில்லை.

அவன் நம்பியது வேறு ஒன்றை. ஈயம் மென்மையானது, அதனால்தான் ஒட்டுகிறது, கடினமாக்கிவிட்டால் ஒட்டாது என்று நினைத்தான். கேட்கும்போது சரி என்றே தோன்றும், அதனால்தான் இத்தனை பேர் அதில் விழுகிறார்கள். சுத்த ஈயத்தின் பிரினெல் கடினம் ஏறக்குறைய 5. கார் சக்கரத்தில் கவ்வி மாட்டுகிற பழைய ஈய எடைக்கட்டிகளை உருக்கினால் 12 பக்கம் வரும், அதில் ஆண்டிமனி இருப்பதால். பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம், அதாவது ஈயம் 84, ஆண்டிமனி 12, வெள்ளீயம் 4 என்ற கலவை, 22 பக்கம் போகும். மாப்பிள்ளை எடைக்கட்டி ஈயத்தை விட்டுவிட்டு, விலை கொடுத்து லைனோடைப் கலவை வாங்கி வார்த்தான். ஒட்டுவது கூடியது.

இது ஏன் என்று உலோகம் தெரிந்தவர்கள் யோசித்தால் புரியும். மென்மையான குண்டு அளவில் கொஞ்சம் குறைந்தாலும், பின்னால் அழுத்தம் அடிக்கும்போது அடிப்பகுதி விரிந்து குழலை அடைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடினமான குண்டு விரியாது. அவன் இலக்குச் சுடுதலுக்காகக் குறைந்த அழுத்தத்தில் நிரப்புகிறவன். அந்த அழுத்தத்துக்கு லைனோடைப் அசைந்தே கொடுக்காது. சந்து சந்தாகவே இருக்க, வாயு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. அளவு சரியாக இருந்தால் 12 கடினமே அவன் சுடுகிற வேகத்துக்குத் தாராளம். அளவு தவறினால் 22 இருந்தும் பயன் இல்லை.

அந்தக் கலவைக்கு அவன் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. கடினம் என்பது கடையில் வாங்கக் கூடிய ஒன்று. அளவு அப்படி அல்ல. அது உங்கள் குழலை நீங்களே அளந்து தெரிந்துகொள்ள வேண்டியது. வாங்கக் கூடியதைத்தான் எல்லோரும் முதலில் நாடுகிறார்கள்.

குழலை அளக்கச் சொன்னேன். சுத்தமான மென்மையான ஈயத் துண்டு ஒன்றை, தூண்டில் எடை போதும், எண்ணெய் தடவி, தோட்டா இல்லாத கழற்றிய குழலுக்குள் மரக்குச்சியால் தட்டித் தள்ளினால், மறுபக்கம் குழலின் அச்சோடு வெளியே வரும். அதன் மேடுகளை அளந்தால் அது குழலின் பள்ளங்களுடைய விட்டம். அவன் அளந்து அங்குலத்தில் 0.355 என்றான். டை 0.356. “ஆயிரத்தில் ஒன்று கூடுதலாகத்தானே இருக்கிறது மாமா, சரிதானே?” என்றான்.

எதால் அளந்தாய் என்று கேட்டேன். டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர்.

இங்கேதான் கதையே இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் காலிப்பரின் பிழை 20 மைக்ரான் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம். அழுத்திப் பிடித்தால் தாடை சாய்ந்து இன்னும் கூடும். நாம் தேடுகிற தவறே 38 மைக்ரான். அதை 20 மைக்ரான் ஊசலாடுகிற கருவியால் தேடுவது, பஞ்சு மூட்டை நிறுக்கிற தராசில் தங்கம் நிறுப்பதைப் போன்றது. மைக்ரோமீட்டர் வாங்கச் சொன்னேன். வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காலை, எனக்கு இரவு. வீடியோ அழைப்பில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். இரண்டு முகங்களுக்கும் இடையே வெள்ளைத் தாளைக் கவ்வவிட்டு இழுத்துத் துடை, பூஜ்ஜியம் பார், ராட்செட்டைத் திருப்பி மூன்று சொடுக்குக் கேட்டதும் நிறுத்து, ஈயத்தை நசுக்காதே, மூன்று இடத்தில் அள. அவன் குழலில் ஆறு பள்ளங்கள், எதிரெதிரே மேடு கிடைக்கும், அதனால் அளப்பது எளிது. ஐந்து பள்ளக் குழலாக இருந்தால் இப்படி நேராக அளக்க முடியாது.

மூன்று அளவும் 0.3565. அப்படியென்றால் டையிலிருந்து வந்த 0.356 குண்டு குழலைவிடச் சிறியது. அவன் கூடுதல் என்று நம்பியது உண்மையில் குறைவு.

இன்னொன்றும் செய்யச் சொன்னேன். வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கிற பிரைமரும் இல்லாத கூட்டில் ஒரு குண்டைப் பதித்து, மறுபடி உருவி எடுத்து அளக்கச் சொன்னேன். 0.355 வந்தது. கூடே குண்டை நசுக்குகிறது! 9 மில்லிமீட்டர் கூடு மேலிருந்து கீழே போகப் போக அகலமாகி, சுவரும் தடிக்கிற அமைப்பு. அவனுடைய எக்ஸ்பேண்டர் பின் செப்பு உறை போட்ட குண்டுகளுக்காகச் செய்தது, அங்குலத்தில் 0.352 மட்டுமே, நீளமும் குறைவு. அதோடு, கடைசிக் கட்டத்தில் கூட்டின் வாயை இறுக்க அவன் பயன்படுத்திய கிரிம்ப் டையில் கார்பைடு வளையம் ஒன்று இருக்கிறது. அது தோட்டாவை வெளியிலிருந்து இன்னொரு முறை அமுக்குகிறது. செம்பு தாங்கும், ஈயம் சுருங்கிவிடும், சுருங்கிய ஈயம் திரும்ப விரியாது, ஆனால் பித்தளைக் கூடு மீண்டுகொள்ளும்.

ஆக மூன்று வேலைகள். டையை 0.3575 அங்குலத்துக்கு, அதாவது 9.08 மில்லிமீட்டருக்குத் திறப்பது. 9.04 மில்லிமீட்டரில், குண்டின் அடி உட்காருகிற ஆழம்வரை போகக் கூடிய நீளமான பின் ஒன்று செய்வது. அந்த வளைய கிரிம்ப் டையைத் தூக்கி வைத்துவிட்டு, கூட்டின் விரிந்த வாயை நேராக்குகிற அளவுக்கு மட்டும் டேப்பர் கிரிம்ப் போடுவது. மூன்றாவதை அவனே செய்தான். முதல் இரண்டுக்கும் நான் கோவையில் ஆள் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அளவுக்குத் துளை திறப்பதற்கு நம் ஊரைவிட்டு வேறு எங்கே போவது?

சொல்லிவிட்டேனே தவிர, முதலில் போன இடம் ஏமாற்றம். கொஞ்சம் பெரிய, பளிச்சென்ற ஷெட். அங்கே இருந்தவர் டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு கம்பியைப் பிளந்து எமரித் தாளைச் சுற்றி டிரில்லில் மாட்டி ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன், நூறு ரூபாய் போதும் என்றார். அப்படிச் செய்தால் துளையின் இரண்டு வாயும் புனல்போல் அகன்று நடுவில் இறுகும். நீளவாக்கில் எந்த இடத்தில் அளவு சரியாக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு என்ன வரும் என்று கேட்டேன். “நீங்கள் சொல்கிற அளவு வரும்” என்றார். எதை வைத்து அளப்பீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய சக பணியாளர் ஒருவர்தான் கணபதிப் பட்டறையைச் சொன்னார்.

பட்டறைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். டையைக் கையில் வாங்கியவர் முதலில் கேட்ட கேள்வியிலேயே எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

“இதற்குள் என்ன போகிறது ஐயா?”

விளக்கினேன். ஈய உருளை கீழிருந்து மேலே ஒரே தள்ளில் போகும், துளையின் அளவுக்கு இறுகி வெளியே வரும் என்றேன். துப்பாக்கிக்கு என்றும் மறைக்காமல் சொன்னேன், வெளிநாட்டில் சட்டப்படி பயன்படுத்துவது என்றும் சொன்னேன். அவர் டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, “அப்படியென்றால் நுழைகிற பக்கம் சரிவு நன்றாக மழுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈயத்தைச் சீவிவிடும். இறுக்குவதற்குப் பதிலாகச் சுரண்டும். சரிவை நான் தொடவா, வேண்டாமா?” என்றார். டையின் சரிவைப் பற்றி நானே யோசித்திருக்கவில்லை. பளபளப்பு மட்டும் ஏற்றுங்கள், கோணத்தை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

“நாளைக் காலை அளந்துவிட்டுச் சொல்கிறேன். இப்போது உங்கள் சட்டைப் பையில் இருந்து வந்திருக்கிறது” என்றார். 9 மில்லிமீட்டர் எஃகு பத்து டிகிரி சூடு கூடினால் ஒரு மைக்ரான்தான் விரியும். இந்த வேலைக்கு அது கணக்கில் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் டையையும், துளைக்குள் விட்டு அளக்கிற தன் பிளக் கேஜ்களையும் ஒரே கல் மேசையில் ஒரே இரவு வைத்துவிட்டு மறுநாள்தான் அளந்தார். பழக்கத்தை வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளாத ஆட்கள் குறைவு. ஆய்வு அறையில் இத்தனை ஆண்டுகள் இருந்ததில் அப்படிப்பட்டவர்களை எண்ணிவிடலாம்.

மறுநாள் நான் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். துளையைத் தேய்த்துத் திறக்கிற லேப் ஒன்றைப் பித்தளையில் கடைந்து, நீளவாக்கில் பிளந்து, நடுவில் சரிவுத் திருகு வைத்து, வேண்டும்போது விரிக்கும்படி செய்திருந்தார். டையின் துளையைவிட லேப் நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வாய் புனலாகாது. லேத்தை மெதுவாக ஓடவிட்டு, லேப்பிங் பேஸ்ட் தடவி, டையைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஓட்டினார். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை டையை முனை மாற்றிப் பிடித்தார். பத்து மைக்ரான் போனதும் நிறுத்தி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மேசையில் வைத்துவிட்டு டீ சாப்பிடப் போனார். சூடு ஆற வேண்டும். வேலையிலேயே அதிக நேரம் எடுத்தது அந்தக் காத்திருப்புதான். கடைசி ஐந்து மைக்ரானுக்குப் பேஸ்ட்டை மாற்றி மிக நுண்மையானதை எடுத்தார். பழைய லேப்பில் கரடான துகள் பதிந்திருக்கும் என்று புதிய லேப் ஒன்றும் கடைந்தார். அதற்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை.

9.08 கேஜ் தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது. 9.085 கேஜ் நுழையவில்லை. இரண்டு பக்கமும் முயன்று காட்டினார்.

“ஈயம் போட்டுப் பார்த்துவிடலாம்” என்று அவரே சொன்னார். பட்டறையில் கிடந்த ஈயக் கம்பித் துண்டு ஒன்றை லேத்தில் 9.2க்குக் கடைந்து, எண்ணெய் தொட்டு, ஆர்பர் பிரஸ்ஸில் வைத்து டை வழியாகத் தள்ளினார். வெளியே வந்ததை அளந்தோம். 9.08. சுற்றளவு முழுவதும் ஒரே மினுமினுப்பு, ஒரு கீறல்கூட இல்லை. சுத்த ஈயம் டை விட்ட அளவிலேயே நிற்கும். ஆண்டிமனி சேர்ந்த கலவை இரண்டு மூன்று மைக்ரான் மீண்டு விரியும். மாப்பிள்ளை ஊருக்குப் போய் எடைக்கட்டி ஈயத்தில் அளந்தபோது 0.3576 வந்தது. அதை நான் பட்டறைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எக்ஸ்பேண்டர் பின் வேலையும் அப்படித்தான். தணித்த நிலையில் கடைந்து, கடினப்படுத்தி வாங்கி, கிரைண்டரில் அளவுக்குக் கொண்டுவந்து, முனையை விரலால் தடவினால் வழுக்குகிற அளவுக்கு மெருகிட்டிருந்தார். பித்தளைக் கூட்டின் வாயை விரிக்கிற மணி வடிவச் சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு நான் கொடுத்த வரைபடத்தில் அளவு விட்டுப்போயிருந்தது. தொலைபேசியில் கேட்டார், ஊகித்துச் செய்யவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைபேசியை எடுப்பதே இல்லை. நான்கு முறை அழைத்தால் ஒரு முறை எடுக்கிறார். டை இரண்டு நாளில் முடிந்தது, பின்னுக்கு நாலு நாள் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆனது. கடினப்படுத்துவதற்கு அவர் வெளியே கொடுக்கிறார், அங்கே தாமதம். மாப்பிள்ளையின் விமானத்துக்கு முந்தின நாள் மாலைதான் கையில் கிடைத்தது. அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அளவு அறிக்கை எழுதித் தருவதில்லை. வாயால் சொல்கிறார், கேஜைப் போட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான். இவ்வளவு நல்ல வேலை செய்கிறவர் ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதி, தேதி போட்டுக் கொடுத்தால் என்ன? நானே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ரசீதும் கேட்ட பிறகுதான் வந்தது. அவசரக்காரர்கள் இங்கே போக வேண்டாம்.

இனி முடிவு. பிப்ரவரியில் மாப்பிள்ளை குழலை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, எடைக்கட்டி ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து வார்த்தான். வெள்ளீயம் கடினத்துக்காக அல்ல. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்து அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரப்புகிறது, குண்டின் அடி விளிம்பு கூர்மையாக வருகிறது. அடி விளிம்பு மழுங்கினால் வாயுவுக்கு அங்கேயே வழி கிடைத்துவிடும் என்பதால் அது முக்கியம். திறந்த டையில் இறுக்கினான், புதிய எக்ஸ்பேண்டர் பின்னைக் கொண்டு கூட்டை விரித்தான். பதித்த தோட்டாவைக் கழற்றிய குழலின் அறைக்குள் போட்டுப் பார்த்தான். தானாக விழுந்து, தானாக வெளியே வர வேண்டும். குண்டின் அளவைக் கூட்டுகிறவர்கள் இந்தச் சோதனையை விடவே கூடாது. அறை இறுக்கமாக இருந்தால் 0.3575 பொருந்தாமல் போகலாம். அவனுடையது பொருந்தியது. வெடிமருந்து அளவை வார்த்த குண்டுக்கான அச்சிட்ட அட்டவணையிலிருந்து, குறைந்த எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினான்.

இருநூறு முறை சுட்டிருக்கிறான். குழலுக்குள் துணி விட்டு இழுத்தால் சாம்பல் நிறம் வருகிறது, தகடு இல்லை. சுழல் பள்ளத்தின் விளிம்புகள் படத்தில் கூர்மையாகத் தெரிகின்றன. இருநூறாவது குண்டும் முதல் குண்டு விழுந்த இடத்தில் விழுகிறது. தோசைக்கல் அகலம் இப்போது டம்ளர் வாய் அகலம். அந்த இலக்குத் தாளை மடித்து உறையில் வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறான். அதைப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி, கல் மேசையின் மேல் விரித்து, காலிப்பரை எடுத்து ஓட்டைகளுக்கு இடையே அளந்தார்.

சுத்தம் செய்வது பற்றி இரண்டு வார்த்தை, இதில் நம்மூர்க் கடைப் பொருள் ஒன்று சிக்கலில் விடப் பார்த்தது. ஒட்டிய ஈயத்தை எடுக்கச் செப்புக் கம்பிச் சுருளின் சில இழைகளைப் பழைய வெண்கலப் பிரஷ்ஷில் சுற்றி ஓட்டினால் போதும், தகடு தகடாக உரிந்து வரும். செம்பு குழலின் எஃகைக் கீறாது. இங்கே பாத்திரக் கடையில் செம்பு நிறத்தில் விற்கிற சுருளை வாங்கி அனுப்பலாம் என்று நினைத்தேன். வீட்டில் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம். அதைக் குழலுக்குள் விட்டிருந்தால் கீறியிருக்கும். காந்தம் வைத்துப் பார்க்காமல் எந்தச் சுருளையும் நம்ப வேண்டாம். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் ஈயம் கரையும் என்று யாரோ சொன்னதாக மாப்பிள்ளை கேட்டான். கரையும். கரைந்து ஈய அசிடேட் ஆகும், அது தோல் வழியாகவும் உடலில் ஏறக் கூடிய விஷம். எஃகையும் அரிக்கும். செப்பு உறைக் குண்டு நாலைச் சுட்டு ஈயத்தைத் தள்ளிவிடலாம் என்பதும் கூடாது. அடைத்த குழலில் அழுத்தம் ஏறும்.

வார்ப்படத்தில் இருந்தவன் என்பதால் இதையும் சொல்கிறேன். ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தால் நீராவி சட்டியோடு தூக்கி எறியும். கசடை வழிக்கும்போது எழுகிற தூசியே மூச்சில் போகிறது. வெளியே, காற்றோட்டத்தில், குழந்தைகள் வராத இடத்தில் செய்கிறாயா என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்கிறேன். அந்தச் சட்டி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அவனுக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். சுடுதளத்துக்குப் போட்டுப் போன சட்டையோடு அவளைத் தூக்கக் கூடாது என்று என் அக்காவும் சொல்லியிருக்கிறாள்.

மசகுக்குக் கோத்தகிரியிலிருந்து வாங்கிய சுத்தமான தேன்மெழுகு அரைக் கிலோ கொடுத்தனுப்பினேன். தனித் தேன்மெழுகு விறைப்பாக இருக்கும், குண்டின் பள்ளத்திலிருந்து உதிர்ந்துவிடும். மென்மையான மசகோடு பாதிக்குப் பாதி கலந்து உருக்கினால்தான் நிற்கும். அளவு சரியான பிறகு மசகு மெல்லிய பூச்சாகவே போதுமாக இருக்கிறது என்கிறான். முன்பு அதைத் தடித்துத் தடித்துப் பூசியும் பயன் இல்லாமல் இருந்தது.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு லேத் சத்தத்தில் பேச முடியாது. வரைபடத்தைக் கையால் வரைந்தாவது கொண்டுபோங்கள், எல்லா அளவும் மில்லிமீட்டரில், ஏற்கத்தக்க வேறுபாட்டோடு. ஞாயிறும் அமாவாசையும் விடுமுறை. கார்டு வாங்குவதில்லை, பணமாகக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் தன் 0.38 ரிவால்வருக்கு இதே போல் டை திறந்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். பட்டறைக்காரரிடம் சொன்னேன். ரிவால்வரில் சிலிண்டரின் ஒவ்வொரு அறை வாயையும் தனித்தனியாக அளந்து, ஆறு எண்களையும் அனுப்பச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு டையைப் பற்றிப் பேசலாம் என்றார். ஆறு எண்களுக்காகத்தான் இப்போது காத்திருக்கிறோம்.